மருந்தின் விலையும் சாதிக் கேள்விதான்

மருந்து விலையை அரசு கட்டுப்படுத்தினால் முதலீடு வராது; முதலீடு வராவிட்டால் ஆராய்ச்சி நடக்காது; ஆராய்ச்சி நடக்காவிட்டால் புது மருந்து வராது; கடைசியில் பாதிக்கப்படுவது நோயாளிதான். வணிகப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த வாதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பீர்கள். கேட்க நியாயமாகவும் இருக்கும். நம் தோழர்கள் பலர் இதைப் பொருளாதார வல்லுநர்களின் சங்கதி என்று ஒதுக்கிவிட்டு, ஆணவக்கொலை, பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு என்று நமக்குப் பழகிய களங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இதுவும் நம் களம்தான் என்பது என் வாதம். அந்த வரிகளில் வருகிற ‘நோயாளி’க்குச் சாதி கிடையாது, ஊர் கிடையாது, தினக்கூலி கிடையாது. அவற்றை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை மாறிவிடும்.

கூலியில் போடும் கணக்கு

நான் காரைக்கால் பகுதியில் இருக்கும் கோட்டுச்சேரிமேட்டைச் சேர்ந்தவன். காவிரியின் கடைமடை. எங்கள் தெருவில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர்கள். வயல் வேலை, கட்டட வேலை, சுமை தூக்குவது என்று பிழைப்பவர்கள். 2025-26இல் புதுச்சேரிக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக்கூலியும் கைக்கு வந்தால்கூட ஆண்டுக்கு 33,600 ரூபாய். இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

சோராஃபெனிப் என்பது சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான மாத்திரை. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதை நெக்சாவர் என்ற பெயரில் இந்தியாவில் விற்றது. ஒரு மாத மருந்தின் விலை 2,80,428 ரூபாய். 2025-26இன் நூறு நாள் கூலியில் இது 834 நாள் உழைப்பு. 2012 மார்ச் 9 அன்று ஒன்றியக் காப்புரிமைத் தலைமை அதிகாரி, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும், மக்கள் வாங்க முடியாத விலையில் மருந்து விற்கப்பட்டால் வேறொருவர் தயாரிக்க அரசு அனுமதி தரலாம் என்கிறது சட்டம். மாதத்துக்கு 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது, ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தரவேண்டும் என்ற நிபந்தனைகளும் உரிமத்தோடு வந்தன. பேயருக்கு உரிமத்தொகையும் உண்டு. யாரும் யாரையும் கொள்ளையடிக்கவில்லை.

834 நாள் உழைப்பு 26 நாள் உழைப்பாகக் குறைந்தது. இது எத்தனை உயிருக்குச் சமம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 26 நாள் கூலி என்பது எங்கள் தெருவில் ஒரு மாதத்தின் மொத்த வருமானம். அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் அந்த மருந்தை வாங்க முடியும். இந்தியக் காப்புரிமை வரலாற்றின் ஆகப்பெரிய விலைக்குறைப்பே ஒரு நிலமற்ற கூலிக் குடும்பத்தைக் கடைவாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கட்டாய உரிமம்தான் இந்தியா இதுவரை வழங்கிய ஒரே கட்டாய உரிமம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் 2021-22இல் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள் என்கிறது அரசின் தேசியச் சுகாதாரக் கணக்கு. சேமிப்பும் நிலமும் இருப்பவருக்கு இது செலவு. இல்லாதவருக்குக் கந்துவட்டி, அடகு, படிப்பை நிறுத்திய பிள்ளை. யாரிடம் சேமிப்பும் நிலமும் இருக்கிறது என்பதை இந்த நாட்டில் சாதிதான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. கைக்கு எட்டாத மருத்துவம் அவற்றில் ஒன்று.

சென்னையில் தோற்ற மிரட்டல்

‘விலை குறைந்தால் தொழில் அழியும்’ என்ற வாதத்துக்கு வயது அதிகம். அது பொய்த்த வரலாற்றுக்கும் வயது அதிகம்.

பிரிட்டிஷார் 1911இல் கொண்டுவந்த காப்புரிமைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. மருந்துச் சந்தை வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. உலகிலேயே மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே குறிப்பிட்டது. எங்கள் காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரான்சோ, 1844லேயே மருந்துகளுக்குக் காப்புரிமை கிடையாது என்று தன் நாட்டில் சட்டம் போட்டிருந்தது. மருந்தைத் தனிச்சொத்தாக்கக் கூடாது என்பது யாரோ நக்சலைட்டுகள் கண்டுபிடித்த யோசனை அல்ல.

நீதிபதி ராஜகோபால அய்யங்கார் குழு 1959இல் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. அதே ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. இரண்டும் சேர்ந்தால் தொழிலே செத்துப்போக வேண்டும் அல்லவா? அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்து உலகத்துக்கே மலிவு மருந்து அனுப்பத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. நோயாளிகளைக் காப்பாற்றியதில் இந்திய மருந்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனையால் 2005இல் மருந்துக்கான காப்புரிமை திரும்பி வந்தது. இடதுசாரிகளின் அழுத்தத்தால் ஒரு கதவு மட்டும் அடைக்கப்பட்டது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்துவிட்டு, நோய் தீர்க்கும் திறன் கூடியதாக நிரூபிக்காமல் புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்ற பிரிவு 3(ஈ). அதன் முதல் பெரிய சோதனை நடந்த இடம் நம் சென்னை.

சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ், ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு இங்கே காப்புரிமை கேட்டிருந்தது. அதன் விலை மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். புற்றுநோயாளிகளின் சங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பிரிவு 3(ஈ)யே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கிளிவெக்குக்குக் காப்புரிமை இல்லை என்றது.

அப்போதும் அதே பாட்டுத்தான்: இப்படித் தீர்ப்பு வந்தால் இந்தியாவில் ஆராய்ச்சிக்கு முதலீடு செய்ய யோசிக்க வேண்டியிருக்கும். என்ன நடந்தது? அதே நோவார்ட்டிஸ் ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பெரிய மையத்தை நடத்துகிறது. குறைந்த சம்பளத்துக்குத் திறமையான ஆட்கள் எங்கே கிடைக்கிறார்கள், சந்தை எங்கே வளர்கிறது என்று பார்த்துத்தான் முதலீடு வருகிறது. கிளிவெக் நோயாளியிடம் லட்சம் ரூபாய் வாங்க முடியுமா என்பது அந்தக் கணக்கில் ஒரு சின்ன வரி.

கட்டுப்பாடு என்ற பெயரில்

‘இந்தியாவில் மருந்து விலை கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுகிறது’ என்பதும் பாதிதான் உண்மை. 1979இல் 347 மருந்துகள் விலைக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1987இல் 142 ஆகின. 1995இல் 74. 2013 ஆணையில் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் முழுதும் சேர்க்கப்பட்டது நல்லதுதான். ஆனால் விலை நிர்ணயிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள்.

முன்பு தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் நியாயமான லாபம் வைத்து உச்சவிலை சொல்வார்கள். 2013க்குப் பிறகு, சந்தையில் ஒரு விழுக்காட்டுக்குமேல் விற்பனை உள்ள எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுத்து, சில்லறை வியாபாரிக்கு 16 விழுக்காடு சேர்த்தால் அதுதான் உச்சவிலை. அதாவது நிறுவனங்கள் தாங்களே வைத்த விலைதான் அவர்களுக்கான கட்டுப்பாட்டையும் தீர்மானிக்கிறது. மொத்த விலைக் குறியீடு ஏறினால் உச்சவிலையும் ஏறும். 2022 ஏப்ரலில் 10.77 விழுக்காடு, 2023 ஏப்ரலில் 12.12 விழுக்காடு ஏற அனுமதி கிடைத்தது. எங்கள் தெருவில் எந்தக் கூலி இப்படித் தானாக ஏறுகிறது?

2019 ஜனவரியில் இன்னொரு திருத்தம் வந்தது. காப்புரிமை பெற்ற புது மருந்துகளுக்கு, விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு விலைக் கட்டுப்பாடு கிடையாது. போட்டியே இல்லாத மருந்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் தேவை. அதற்குத்தான் விலக்கு.

எதிர்த்தரப்பின் வாதத்திலும் ஒரு உண்மை இருக்கிறது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபோது, சில வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் உயர்ரக ஸ்டென்ட்டுகளைத் திரும்பப் பெற அனுமதி கேட்டன. விலையைக் குறைத்தால் பொருளைத் தராமல் இருக்கும் பலம் அவர்களுக்கு உண்டு. பொதுத்துறையில் தயாரிப்பு இருந்தால் அந்தப் பலம் பாதியாகிவிடும். ஆகவே மிரட்டலைப் பார்த்து விலைக் கட்டுப்பாட்டைக் கைவிடுவதில் பொருளில்லை. கட்டுப்பாட்டைத் தாங்கிப்பிடிக்கும் பொதுத்துறையை வளர்க்கவேண்டும்.

உயிரி மருந்துகளின் தனிக்கதை

மாத்திரையை நகலெடுப்பதுபோல உயிரித் தொழில்நுட்ப மருந்துகளை நகலெடுக்க முடியாது. இன்சுலின், தடுப்பூசி, புற்றுநோய்க்கான ஆன்டிபாடி ஊசி எல்லாம் உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கப்படுபவை. ஆலை வைக்க நிறையப் பணம் வேண்டும், சோதனைகளுக்கு ஆண்டுகள் ஆகும், தோல்வியும் அதிகம். முதலீடு தேவை என்பது இங்கே உண்மையிலேயே உண்மை. யாருடைய பணம், என்ன நிபந்தனையோடு என்பதுதான் கேள்வி.

அண்ணல் அம்பேத்கரைக் கடைசி ஆண்டுகளில் வாட்டிய நோய்களில் நீரிழிவும் ஒன்று. அதற்கான இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்கும் அவரது இரு தோழர்களும் 1923இல் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் மரபணு மாற்றத் தொழில்நுட்பத்தில் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை இந்தியாவிலேயே தயாரித்தது. அதுவரை இறக்குமதியான ஊசியை வசதி உள்ளவர்கள்தான் போட்டுக்கொண்டார்கள். சாந்தாவுக்கு ஒன்றிய அரசின் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம் கடன் கொடுத்தது. விலை விழுந்தது. வாங்குபவர்கள் பெருகினார்கள். குறைந்த விலையும் முதலீடும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

போட்டி மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் நம்பவேண்டாம். ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுஸுமாப் ஊசிக்கு ரோஷ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமையை 2013இல் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பயோகானின் இந்தியத் தயாரிப்பு வந்தது. 440 மில்லிகிராம் குப்பி 57,500 ரூபாய். ரோஷின் விலையைவிட ஏறக்குறைய 25 விழுக்காடுதான் குறைவு. ரோஷ் உடனே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. மாத்திரை விலை பத்தில் ஒன்றாக விழும். உயிரி மருந்தில் கால்பங்கு குறைவதற்கே வழக்கு நடக்கும்.

என் சித்திக்கு இந்த ஊசிதான் எழுதிக்கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று, ஒரு வருடம் போடவேண்டும். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் ஊசி இருப்பில் இல்லை, வெளியில் வாங்கி வாருங்கள் என்றார்கள். தோட்டை அடகு வைத்தார், தாலிக்கொடியை அடகு வைத்தார். ஆறாவது ஊசியோடு நின்றது. நிறுத்தச் சொன்னது எந்த மருத்துவரும் இல்லை, அடகுக்கடைச் சீட்டு. சித்தி இன்றும் இருக்கிறார், களையெடுக்கவும் போகிறார். அடுத்த பரிசோதனைத் தேதி நெருங்கினால் மட்டும் வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம்.

அண்மையில் வந்த நல்ல செய்தியையும் இதே அளவுகோலில் வையுங்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று, நான்கு கோடி ஆகும் சிகிச்சை இங்கே 30 முதல் 40 லட்சம். மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனங்களின் அறிவும், அரசின் நிதியும் அதில் இருக்கின்றன. அறிவியல் சாதனைதான், மறுப்பதற்கில்லை. நூறு நாள் கூலியில் அது தொண்ணூறு ஆண்டுகளின் வருமானம். மக்கள் பணத்தில் பிறந்த சிகிச்சை மக்களில் யாருக்கு என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான கேள்வி ஆகிவிடாது.

முதலீடு எங்கே போனது

நாம் அதிகம் பேசவேண்டிய இடம் இதுதான். முதலீடு, முதலீடு என்கிறார்களே, நம்மிடம் ஏற்கெனவே இருந்த பொது முதலீட்டை என்ன செய்தார்கள்?

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் இருந்தது. இமாச்சலத்தின் கசௌலியில் இன்னொன்று. இந்தியக் குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசித் திட்டத்தைத் தாங்கிய பொதுத்துறை நிறுவனங்கள் இவை. தரக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று சொல்லி 2008 ஜனவரியில் மூன்றின் உரிமத்தையும் ஒன்றிய அரசு நிறுத்தியது. கட்டடம் பழசானால் புதுப்பிக்கவேண்டும். இவர்கள் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2010இல் உரிமம் திரும்பக் கிடைப்பதற்குள் சந்தை தனியாரிடம் நகர்ந்திருந்தது.

அவற்றுக்குப் பதிலாக என்று செங்கல்பட்டில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் திட்டமிடப்பட்டது. 2012இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். செலவு அதையும் தாண்டியது. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், படுக்கை கிடைக்காமல் மக்கள் ஆம்புலன்சிலேயே செத்துக்கொண்டிருந்தபோது, அந்த வளாகம் தடுப்பூசி எதுவும் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மாநிலத்திடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். கொடுக்கவில்லை. அதே வாரங்களில் கோவாக்சின் ஊசிக்கு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 600 ரூபாய் (எதிர்ப்புக்குப் பின் 400), தனியார் மருத்துவமனைக்கு 1,200 ரூபாய் என்று மூன்று விலை சொல்லப்பட்டது. ஐ.சி.எம்.ஆர். என்ற பொது நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஊசி அது.

மறுபக்கம், மருந்துத் துறைக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2021இல் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆராய்ச்சிக்கென்று 2023இல் இன்னொரு 5,000 கோடி. ஊக்கத்தொகை, விற்பனை எவ்வளவு கூடியது என்று பார்த்துத் தரப்படுகிறது. மருந்து யாரைச் சென்று சேர்ந்தது என்று பார்த்து அல்ல.

இதில் இருக்கும் சாதிக் கணக்கைக் கவனியுங்கள். குன்னூரிலும் கிண்டியிலும் வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. அங்கே தயாரான ஊசி எங்கள் ஊர்க் குழந்தைக்கு இலவசம். அந்தப் பணம் இப்போது போகும் தனியார் ஆய்வகத்தில் இடஒதுக்கீடு இல்லை. அங்கே தயாராகும் மருந்து இலவசமும் இல்லை. வெள்ளை அங்கி போட்டு ஆய்வகத்துக்குள் நுழையும் உரிமை, நோயாளியாக மருந்து பெறும் உரிமை, இரண்டும் ஒரே கையெழுத்தில் பறிபோகின்றன. தனியார்மயம் சமூகநீதிக்கு எதிரி என்று பெரியார் மேடைகளில் நாம் பேசுவது வெறும் கோஷமில்லை.

நம் ஆட்களுக்கு அந்த ஆய்வகங்களில் ஓர் இடம் மட்டும் எப்போதும் காத்திருக்கிறது: சோதனைக்கு உட்படும் உடல். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது அரசு விசாரணை. ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. சாதனை அறிக்கையில் முதலீட்டாளர் பெயர் இருக்கும். இந்தச் சிறுமிகளின் முதலீட்டை யார் எழுதுவார்கள்?

நண்டலாற்றின் இரு கரைகள்

எங்கள் ஊரிலிருந்து வடக்கே போனால் நண்டலாறு. அதைத் தாண்டினால் தமிழ்நாடு, பொறையாறு, தரங்கம்பாடி. ஒரே மொழி, ஒரே மழை, ஒரே நோய். மருந்து வாங்கும் கை மட்டும் வேறு.

தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுவதுக்கும் தேவையான மருந்தை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கேட்டு, மூலக்கூறுப் பெயரில், தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குகிறார்கள். தரம் சோதிக்கிறார்கள். மாவட்டக் கிடங்கில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம்; தேவையானதை அதில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இந்த வழியில் வந்தன. ஏழு கோடிக்கும் அதிகமான மக்களுக்காகப் பேரம் பேசுகிறவர் சொல்லும் விலைக்கு நிறுவனம் இறங்கி வரும். 2021இலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கே போகின்றன.

எங்கள் பக்கத்திலும் அரசு மருத்துவமனை உண்டு, சிகிச்சை இலவசம்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மொத்த மக்கள்தொகையே 12 லட்சத்து 48 ஆயிரம். காரைக்கால் மாவட்டத்தில் இரண்டு லட்சம். இவ்வளவு சிறிய வாங்குபவர் உயிரி மருந்துச் சந்தையில் என்ன பேரம் பேசிவிட முடியும்? பெரிய நோய் வந்தால் 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகவேண்டும். கூட வருபவரின் கூலி, பேருந்து, சாப்பாடு எல்லாம் மருந்து விலையோடு சேரும்.

தட்டிக்கேட்க ஊராட்சியாவது உண்டா? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பிறகு தேர்தலே இல்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஊசி ஏன் இல்லை என்று கேட்க, பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் ஒருவர்கூட எங்களிடம் இல்லை. மருந்துக் கொள்கை டெல்லியில் முடிவாகிறது. அதைக் கீழிருந்து கேள்வி கேட்கும் நாற்காலி காலியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது நடக்கும் பேரம்

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா 2024 மார்ச் 10 அன்று வர்த்தக ஒப்பந்தம் போட்டது. 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு வரும் என்று விளம்பரப்படுத்தினார்கள். நோவார்ட்டிஸும் ரோஷும் சுவிஸ் நிறுவனங்கள் என்பது நினைவிருக்கட்டும். அதே மார்ச்சில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. காப்புரிமை பெற்ற மருந்தை இந்தியாவில் எவ்வளவு விற்றோம் என்று ஆண்டுதோறும் சொல்லவேண்டியது மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆனது. கட்டாய உரிமம் கேட்பவருக்கு ஆதாரமே அந்தக் கணக்குதான். காப்புரிமை வழங்கும் முன் எதிர்ப்புத் தெரிவிக்கவும் கட்டணம் வந்தது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம், கட்டாய உரிமத்தைவிட நிறுவனங்கள் தாமாகத் தரும் உரிமமே விரும்பத்தக்க வழி என்கிறது.

எதிர்ப்பு மனு என்பது என்ன என்று காட்ட ஓர் உதாரணம் போதும். கடுமையான காசநோய்க்கான பெடாக்குலினின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றது. அதை எதிர்த்தவர்கள் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே என்ற இரு பெண்கள். பழைய காசநோய் மருந்துகளால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அவர்கள் வென்றார்கள். 2025 அக்டோபரில், முதுகுத்தண்டுத் தசைநார் நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்து வழக்கில் ரோஷின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு புட்டி 6.2 லட்சம் ரூபாய் விற்ற மருந்தை நாட்கோ 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இந்தக் கதவுகளைத்தான் முதலீட்டின் பெயரால் ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள்.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்ப்போம். அரசின் பணம் போகும் ஒவ்வொரு மருந்து நிறுவனத்துக்கும் விலை நிபந்தனையும் இடஒதுக்கீட்டு நிபந்தனையும் வேண்டும். உச்சவிலையை மீண்டும் தயாரிப்புச் செலவிலிருந்து கணக்கிடவேண்டும். காப்புரிமை மருந்துகளுக்கான ஐந்தாண்டு விலக்கு போகவேண்டும். கட்டாய உரிமம் சட்டப் புத்தகத்தில் தூங்கக்கூடாது. செங்கல்பட்டு வளாகம் பொதுத்துறையிலேயே இயங்கவேண்டும். புதுச்சேரி அரசு, தமிழ்நாட்டின் கழகத்தோடு சேர்ந்து மருந்து வாங்க ஏற்பாடு செய்யட்டும். நண்டலாறு ஆறாக மட்டும் இருக்கட்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்தட்டும்.

இவை பெரிய கோரிக்கைகள், காலம் எடுக்கும். உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் சென்ற ஓராண்டில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை, அந்த நாட்களில் எத்தனை பேர் வெளியில் வாங்க அனுப்பப்பட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். கோட்டுச்சேரிமேட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் எழுதுங்கள். பதில்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.